தேங்காய், ஏணி, சீப்பு

போன மாதம் ஒரு காலை, என்னோடு தாதியாக வேலை செய்த ஷர்மிளா மிஸ்ஸி தொலைபேசியில் கூப்பிட்டு, சாவுச் செய்தி சொல்லும் குரலில், "சேர், மூணு சொல்லையும் தூக்கிட்டாங்க" என்றார். நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். ஓய்வு பெற்றவன் எழுந்து நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

"கிளினிக்குக்கு டெப்லட் கம்பியூட்டர் வந்திருச்சு சேர். ஒவ்வொருத்தருக்கும் வேற வேற சொல்லு அதுவே குடுக்குது. நேத்து ஹந்தானைல இருந்து வந்த அம்மாவுக்கு 'விமானந்தாங்கி'ன்னு குடுத்திச்சு."

"ஞாபகம் வச்சிருந்தாங்களா?"

"ஞாபகத்த விடுங்க. அது என்னான்னு நான் வெளங்கப்படுத்தி முடிக்கவே அஞ்சு நிமிஷம் போயிருச்சு."

அழைத்த காரணம் வேறு. புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு டிசோசியேஷன் பாடம் ஏறவில்லையாம். மனிதன் தன்னையே மறந்துபோவதற்கும், ஞாபகத்துக்கும், கவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எழுதித் தரவேண்டுமாம். "அந்தப் பேர் தெரியாத ஐயா கதைய எழுதுங்க சேர். ஆனா பகிடி விடாம எழுதுங்க." முயன்று பார்க்கிறேன் என்றேன். முயன்றதோடு சரி.

நான் கண்டிக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் மனநல வார்டில் தாதியாக இருந்தவன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன். அடுத்த வருடம் தோடம்பழத்துக்கு ஊசி போட்டேன். ஒரு தோடம்பழமும் முறைப்பாடு செய்யவில்லை. அதற்கடுத்து மனிதர்களுக்குப் போட்டேன். தோடம்பழத்தின் அருமை தெரிந்தது. பிறகு மனநல வார்டுக்குத் தமிழ் பேசக்கூடிய தாதி வேண்டும் என்றார்கள். நான் தமிழ் பேசினேன். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

பெண் தாதியரை எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள். ஆண் தாதியை என்னவென்று கூப்பிடுவது என்று தோட்டங்களிலிருந்து வரும் சனத்துக்குக் குழப்பம். கடைசியில் 'மிஸ்ஸி ஐயா' என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். வேலைக்காலம் முழுக்க அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். இன்றும் கம்பளை சந்தையில் யாராவது 'மிஸ்ஸி' என்றால் என் கழுத்து என்னைக் கேட்காமலே திரும்புகிறது. ஞாபகம் மூளையில்தான் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு என் கழுத்தைக் காட்டத் தயார்.

எங்கள் மனநல மருத்துவ நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரி. நாங்கள் மேடம் என்போம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல்: "பிறகு?" நோயாளி பேசத் தொடங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் முகம் குப்புற வைப்பார். நேரம் பார்க்கிற டொக்டருக்கு ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டினம் என்பது அவர் கொள்கை. பேனையைத் தொடமாட்டார். பேச்சு நிற்கிற இடத்தில் மெதுவாக "பிறகு?" அதைக் கேட்டால் மறைத்து வைத்ததெல்லாம் தானாக வெளியே வரும். ஒருமுறை கல்யாண வீட்டுக்கு லீவு கேட்டுப் போனேன். "பிறகு?" என்றார். நெருங்கிய சொந்தம் என்றேன். "பிறகு?" அவ்வளவு நெருக்கம் இல்லை என்றேன். "பிறகு?" பிரியாணி என்றேன். லீவு தந்தார்.

இனி அந்த மூன்று சொற்கள். கிளினிக் நாளில் ஞாபகத்தைச் சோதிக்க நோயாளிக்கு மூன்று சொற்களைச் சொல்லி, வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பது முறை. எங்கள் கிளினிக்கின் சொற்கள் தேங்காய், ஏணி, சீப்பு. மேடத்துக்கு முந்திய டொக்டர் காலத்திலிருந்து அதேதான். மாற்றலாமே என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இந்த மாசத்தைப் போன மாசத்தோட ஒப்பிட வேணும். சொல்லை மாத்தினா எதை எதோட ஒப்பிடுறது?" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கண்டிப் பக்கத்தில் டியூஷன் இல்லாத பாடம் உண்டா? கிளினிக் வாசல் வாங்குகளில் உட்கார்ந்தபடி காலை ஆறரைக்கே வகுப்பு தொடங்கிவிடும். மகள் தாய்க்கும், புருஷன் பெண்சாதிக்கும், பழைய நோயாளி புது நோயாளிக்கும் பாடம் எடுப்பார்கள். "தேங்காய்... அடுத்து என்னா? மரத்துல ஏறணும்னா என்னா வேணும்?" "மரமேறி." "ஐயோ, ஏணிம்மா, ஏணி." கேட்டுக்கு வெளியே கடலை விற்பவருக்குக்கூட மனப்பாடம். இதன் பலனாக, எங்கள் கிளினிக்கில் வீட்டு முகவரி தெரியாதவர், மகன் பெயர் தெரியாதவர், காலையில் சாப்பிட்டதா இல்லையா என்று தெரியாதவர் என்று ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் மூன்றுக்கு மூன்று எடுத்தார்கள். எங்கள் பதிவுகளை நம்பினால் கண்டி மாவட்டத்தில் ஞாபகமறதி என்ற வியாதியே கிடையாது.

பாடத்துக்கு வருகிறேன். நான் தினமும் கம்பளையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருவேன். பயிற்சிப் பிள்ளைகள் வந்தால் மேடம் அவர்கள் முன்னால் என்னைத்தான் கேட்பார்.

"இண்டைக்குப் பேராதனைப் பாலம் இருந்ததோ?"

"இருந்திருக்கும் மேடம். இல்லாட்டி பஸ் ஆத்துக்குள்ள போயிருக்கும்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"ஜன்னல் பக்கந்தான் இருந்தேன். ஆனா ஞாபகம் இல்ல மேடம்."

மேடம் பிள்ளைகளிடம் திரும்புவார். "கண் திறந்திருந்தது, கவனம் வேறெங்கயோ போட்டுது. கவனம் போகாத இடத்தில ஞாபகம் ஒழுங்காப் பதியாது. ஆனா இறங்கிற இடத்தில சரியா இறங்கியிருக்கிறார். இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் இல்லாமப் போய்த் திரும்பி வாறார். அது எல்லாருக்கும் இருக்கிறது. சில பேருக்குத் தாங்கேலாத ஒண்டு நடந்தால், போன ஆள் திரும்பி வாறதில்லை. படிச்சதும் பழகினதும் அப்படியே இருக்கும். 'நான்' எண்ட கதை மட்டும் கைக்கு எட்டாது. அழிஞ்சு போகேல்ல, எட்டேல்ல. அங்கதான் எங்கட வேலை தொடங்குது." பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் உதாரணமாக நின்றுகொண்டிருப்பேன்.

அப்படித் திரும்பி வராமல் போன ஒருவரைத்தான் ஒரு திங்கட்கிழமை பொலிசார் கூட்டி வந்தார்கள். கண்டி ரயில்வே ஸ்டேஷனில் இரண்டு நாளாக ஒரே வாங்கில் இருந்தாராம். எந்த ரயிலிலும் ஏறவில்லை, எவரையும் தொந்தரவு செய்யவில்லை. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை கசங்கியிருந்தது. சப்பாத்து மட்டும் மினுமினுத்தது. பொக்கெட்டில் பேர்ஸும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை, போனும் இல்லை. நாட்டின் ஜனாதிபதி யார் என்று தெரிந்தது. ஹட்டன் பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்தது. தமிழும் சிங்களமும் மணிமணியாகப் பேசினார். பெயர் கேட்டால் மட்டும், நம்மை ஏமாற்றிவிட்ட வருத்தத்தோடு, "மன்னிச்சுக்குங்க, தெரியல" என்றார்.

கட்டில் அட்டையில் பெயருக்கான இடத்தில் 'அன்நோன்' என்று எழுதினோம். பின்னேரத்துக்குள் அவர் அன்நோன் ஐயா ஆகிவிட்டார். சாப்பாடு கொண்டு வருபவர்கள், "அன்நோன் ஐயாவுக்கு மரக்கறியா, மீனா?" என்று கேட்டார்கள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் புடிக்கும் போலருக்கு" என்றார்.

அடுத்த கட்டிலில் ஹனீபா நானா. கலகெதரவில் புடவைக் கடை. மனச்சோர்வுக்கு வந்து, சுகமாகி, வீட்டுக்குப் போகும் நாளை எதிர்பார்த்திருந்தவர். வியாபாரிக்குச் சும்மா இருக்க முடியாது. இந்த விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"பேரில்லாத மனிசன் ஒலகத்துல ஈக்கா? நான் ஒவ்வொரு பேராச் சொல்றன். ஒங்கட பேரு வந்தா ஒடம்பு சிலுக்கும். கணேசன்?"

"இருக்கலாங்க."

"செல்வராஜ்?"

"அதுவும் இருக்கலாம்."

"இஸ்மாயில்?"

அன்நோன் ஐயா கொஞ்சம் யோசித்து, "நல்ல பேரு" என்றார்.

ஹனீபா நானா என்னிடம் வந்து, "மிஸ்ஸி ஐயா, இவருக்கு ஞாபகம் போகல்ல. மறுத்துப் பேசுற பழக்கம்தான் போயிருக்கிது. என்ட கடைக்கு இப்புடி ஒரு கஸ்டமர் ஒரு நாளும் வரல்லயே" என்றார்.

செவ்வாய்க்கிழமை கடுகண்ணாவையிலிருந்து ஓர் அம்மா வந்தார். புருஷன் காணாமல் போய்ப் பல மாதமாம். பொலிசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்நோன் ஐயாவை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்தார். "எங்கவர் இல்ல" என்றார். போகவில்லை. அன்நோன் ஐயா எழுந்து கதிரையை அவர் பக்கம் நகர்த்தி, "உக்காருங்கம்மா, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க" என்றார். அந்த அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி ஐயா, இவருக்கு ஞாபகம் வராமலே போயிரவும் கூடுமா?"

"கூடும்மா. ஏன்?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன். எங்கவரு ஒரு நாளும் கதிர இழுத்துப் போட்டதில்ல."

சிரித்தோம். ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கியது. அடையாளம் தெரியாதவர்களை எங்கள் வார்டில் வந்த வாரத்தைத் தாண்டி வைத்திருக்கக் கட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம். அங்கே கவனிப்புக்குக் குறைவில்லை. ஆனால் கண்டியிலேயே ஆள் தேடி வராதவரை அங்கே யார் போய்த் தேடுவது? அப்படிப் போன இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரோ ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு சொந்தப் பெயர் தேவையில்லாமல் போய்விட்டது. அன்நோன் ஐயாவோ எந்தப் பெயர் வைத்தாலும் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளும் ஆள். வெள்ளிக்கு முன்னால் வீடு கண்டுபிடிக்காவிட்டால் அவர் கதை முடிந்தது.

புதன்கிழமை காலை மேடம் அவருடைய ஞாபகத்தைச் சோதிக்க வந்தார். கடிகாரம் கழன்று குப்புறப் படுத்தது.

"நான் இப்ப உங்களுக்கு மூண்டு சொல்லுச் சொல்லப் போறன். கவனமாக் கேளுங்கோ."

"தேங்காய், ஏணி, சீப்பு" என்றார் அன்நோன் ஐயா.

மேடம் முதன்முறையாக "பிறகு?" சொல்ல மறந்தார்.

"நான் இன்னும் சொல்லேல்லயே" என்றார் கடைசியில்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் அவர். "வாயில வந்திருச்சு."

வார்டு இரண்டாகப் பிரிந்தது. ஆள் நடிக்கிறார் என்றார் சின்ன டொக்டர். மேடம் தலையை ஆட்டினார். "நடிக்கிறவர் மறந்த மாதிரியெல்லோ நடிப்பார். கேள்வி வர முதலே பாஸ் எடுக்கிற ஆளை நான் காணேல்ல. இந்த மனிசன் எங்கட கிளினிக்குக்கு வந்திருக்கிறார். ஒருக்கா இல்லை, கனதரம். உங்களில ஆர் இவரைக் கண்டனீங்கள்?"

ஒருவரும் காணவில்லை. கிளினிக்கில் மாதாமாதம் மருந்து எடுப்பவர் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும் என்று சாதித்தேன். இவரைக் கண்டதே இல்லை. ஷர்மிளாவும் அப்படியே சொன்னார். ஹனீபா நானா மட்டும், "எனக்கும் அந்த மூணும் தெரியும், கடலைக்காரன் சென்னான்" என்றார். மேடம் கடலைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டார். தெரியாது என்றார் அவர்.

வியாழக்கிழமை கிளினிக் நாள். கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன்னால் மேடம் அன்நோன் ஐயாவைக் கிளினிக் அறைக்குக் கூட்டி வரச் சொன்னார். அவரவர் வழக்கமான இடத்தில் இருக்கவேண்டும் என்பது உத்தரவு. மேடம் மேசைக்குப் பின்னால், நான் பக்கத்து முக்காலியில், ஷர்மிளா மருந்து அலுமாரியடியில். "உள்ள வந்து, வழமையா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்கோ. யோசிக்க வேண்டாம். யோசிச்சால் வராது."

அவர் நோயாளிக் கதிரையில் உட்கார்ந்தார். முள்ளில் உட்கார்ந்தவர் போல உடனே எழுந்தார். கைக்குட்டையால் கதிரையைத் துடைத்தார். காற்றில் யாருடைய முழங்கையையோ பிடித்து, மெதுவாக இறக்கி, அந்த வெறுங்கதிரையில் உட்கார வைத்தார். பிறகு கதிரைக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் அதன் முதுகில் வைத்துக்கொண்டு நின்றார். மேடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்நோன் ஐயாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. தேங்காய். ஏணி. சீப்பு.

"ஐயோ" என்றார் ஷர்மிளா. "பெருமாள் மாஸ்டர்ட மகன்."

எனக்கும் அதே கணத்தில் விளங்கியது. முகத்தை வைத்து அல்ல. முக்காலியில் இருக்கும் எனக்குக் கதிரைக்குப் பின்னால் நிற்பவருடைய பெல்ட்டுக்கு மேலே எதுவும் தெரியாது. அந்தப் பித்தளை பக்கிளை நான் ஆறேழு வருடமாக மாதாமாதம் பார்த்திருக்கிறேன். பெருமாள் மாஸ்டர் ஓய்வு பெற்ற ஆசிரியர், முற்றிய மறதி நோய், கம்பளைப் பக்கம். மேடம் சொல் கேட்கும்போது தகப்பன் சரியாகச் சொல்லவேண்டுமே என்று மகன் பின்னால் நின்று உதட்டை அசைப்பார். மாஸ்டருக்கு முதுகில் கண் இல்லாததால் அது பிரயோசனப்படவில்லை. மூன்றுக்கு மூன்று எடுக்காத ஒரே நோயாளி அவர்தான்.

நோயாளியோடு வருபவரை யார் பார்க்கிறார்கள்? மருந்து எத்தனை வேளை என்று அவருக்குத்தான் சொல்வோம். மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டு சொல்வோம். படுக்க வைத்து, நம்பர் போட்டு, மூன்று நாள் பார்த்தும் தெரியவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும் தெரிந்துவிட்டது.

"அப்ப மாஸ்டர் எங்க?" என்றார் ஷர்மிளா.

அந்த மனுஷனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இந்த மகனை விட்டால் வேறு ஆள் இல்லை. மாஸ்டரின் கிளினிக் பைலில் இருந்த நம்பருக்கு அடித்தோம், அணைந்திருந்தது. அது மகனுடைய நம்பர். தொலைந்த மகனைக் கேட்க, மகனுடன் சேர்ந்து தொலைந்துபோன போனுக்கே அடித்துக்கொண்டிருந்தோம்.

மேடம் கடிகாரத்தைக் கட்டினார். "ஆஸ்பத்திரி வேனை எடுங்கோ. இவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ." முகவரி என்னிடம் இருந்தது. வழியில் நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் பெருமாள் மாஸ்டருடைய மகன் என்றேன். "இருக்கலாங்க" என்றார். கெலிஓயா தாண்டியதும், "அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவருக்காகக் கவலைப்படும் நல்ல மனிதரின் குரல்.

வீட்டு வாசலில் வேன் நின்றதும் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். "ரவி அண்ணே, எங்க போய்ட்டீங்க?" ரவி அண்ணன் பணிவாக வணக்கம் வைத்தார்.

"மாஸ்டர் எப்படிம்மா?" என்றேன்.

"நல்லா இருக்காரு. நாங்கதான் பாத்துக்கிறோம். சோறு குடுத்தா என்னையும் கள்ளின்னுதான் சொல்றாரு, ஆனா சாப்புடுறாரு." பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். அவர்கள் அந்த வாரம்தான் வாடகைக்கு வந்தவர்கள். சனிக்கிழமை காலை மாஸ்டர், "கள்ளன், கள்ளன்" என்று கத்தியிருக்கிறார். இவரும் புருஷனும் ஓடிப் போய் ரவியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இவருடைய மகன் என்று ரவி சொல்லியிருக்கிறார். மாஸ்டர், இவனை நான் கண்டதே இல்லை என்றிருக்கிறார். ரவி பேர்ஸைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். மாஸ்டர் அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என் மகன்ட கார்டு. இவன் அவன என்னமோ செஞ்சிருக்கான்" என்று அழுதாராம்.

"நாங்க என்னா செய்றது மிஸ்ஸி ஐயா? பெத்த அப்பாவே இல்லைங்கிறாரு. பேர்ஸ், போன் எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டு, ஒங்களத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டோம். பின்னேரம் மத்த வீட்டு ஆளுங்க சொன்ன பிறகுதான் தெரியும். அன்னைக்கே கம்பளைப் பொலிசுல சொன்னோம்." கார்டும் பெயரும் கம்பளையில், ஆள் பெயரில்லாமல் எங்களிடம். இடையில் மகாவலி மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

தன்னைத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போனவர் கண்டி ஸ்டேஷன் வாங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பெண் பேர்ஸையும் கார்டையும் போனையும் கொண்டுவந்து ரவியிடம் கொடுத்து, "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றார். ரவி கார்டில் இருந்த படத்தையும் பெயரையும் பார்த்தார். எங்களுக்காக முயன்று பார்த்தார். பிறகு தலையசைத்தார். "நான்தான் போலருக்கு" என்றார். ஹனீபா நானாவிடம் 'இருக்கலாங்க' என்று சொன்னாரே, அதே குரல். இப்படியே திரும்பினால், பெயரும் முகவரியும் உள்ள ஒருவரை நாளைக்குக் கொழும்புப் பக்கம் அனுப்பவேண்டி வரும் என்று எனக்குத் தோன்றியது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். மாஸ்டர் மேசையடியில் சாரத்தோடும் கோட்டோடும் இருந்தார். நிமிர்ந்தார். கண்கள் என்னைத் தாண்டி ரவியின் மேல் நின்றன.

"யாருடா நீ?"

நாலு நாளாகப் பொலிசும், டொக்டரும், நானும், ஒரு புடவைக் கடைக்காரரும் எத்தனையோ மரியாதையோடு கேட்ட கேள்வி. ரவி சப்பாத்தைக் கழற்றக் குனிந்திருந்தார். நிமிரக்கூட இல்லை. தினமும் காலையில் சொல்லிச் சொல்லிச் சலித்த குரலில், "நான்தான்ப்பா. ரவி. ஒங்க ரெண்டாவது மகன். இங்கதான இருக்கேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது. ஒரு சப்பாத்து கையில் இருக்க, அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். எத்தனையோ மாதம் எனக்கெதிரே நின்றவர், அந்த வாரத்தில் முதல்முறையாக என்னை யாரென்று தெரிந்து பார்த்தார். "மிஸ்ஸி ஐயா" என்றார்.

மாஸ்டர் நம்பவில்லை. "பொய். ரவி வெளிய போயிருக்கான். நாலஞ்சு நாளாக் காணோம்."

"வந்திருவான்ப்பா" என்றார் ரவி.

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலால் பக்கத்துக் கதிரையைத் தள்ளினார். "சரி, நெலத்துல இருக்காத. அவன் வர்ற வரைக்கும் இதுல இரு."